பதினேழு வாரம் காத்திருந்த படம்: 2023 ஹாலிவுட் வேலைநிறுத்தமும் ‘ட்யூன்’ இரண்டாம் பாகமும்

2023 ஜூலை 13 அன்று மாலை லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் ‘ஓப்பன்ஹைமர்’ படத்தின் பிரீமியர் காட்சி நடந்தது. அமெரிக்க நடிகர் சங்கமான ஸாக்-ஆஃப்ட்ராவுக்கும் தயாரிப்பாளர் கூட்டமைப்புக்கும் இடையிலான பேச்சுவார்த்தை முறிந்திருந்ததால், வேலைநிறுத்த அறிவிப்பு எந்த நேரமும் வரலாம் என்ற நிலை. அதனால் சிவப்புக் கம்பள வரவேற்பை ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்கினார்கள். நடிகர்கள் வந்தார்கள், புகைப்படக்காரர்கள் முன் நின்றார்கள், படம் தொடங்குவதற்குள் கிளம்பிவிட்டார்கள். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் மேடையேறி, அவர்கள் போராட்டப் பதாகை எழுதப் போய்விட்டதாக அரங்கில் இருந்தவர்களிடம் சொன்னார். லாஸ் ஏஞ்சலிஸில் அன்று நள்ளிரவு கடந்ததும் வேலைநிறுத்தம் நடைமுறைக்கு வந்தது.

‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்கு இதனால் பெரிய இழப்பு ஏற்படவில்லை. விளம்பரப் பணிகள் பெரும்பாலும் முடிந்திருந்தன; ஜூலை 21 அன்று ‘பார்பி’யுடன் ஒரே நாளில் வெளியான அந்தப் படம் வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 8.2 கோடி டாலரும், ‘பார்பி’ 16.2 கோடி டாலரும் வசூலித்தன. சிக்கல் அடுத்து வரவிருந்த படங்களுக்குத்தான். படப்பிடிப்பு முடிந்து, வெளியீட்டுத் தேதியும் குறித்துவிட்ட பெரிய படங்களை, அவற்றில் நடித்தவர்கள் ஒரு வார்த்தை கூடப் பேச முடியாத சூழலில் வெளியிடலாமா என்ற கேள்வி ஸ்டூடியோக்களின் முன் வந்து நின்றது. அந்தக் கேள்வி மிகத் தெளிவாகப் பதிவான படம் டெனி வில்நெவ் இயக்கிய ‘ட்யூன்’ இரண்டாம் பாகம். ஒரு வெளியீட்டுத் தாமதம் எப்படி முடிவாகிறது, அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான நிகழ்வு அந்த ஆண்டில் இல்லை.

முதலில் வேலைநிறுத்தம் பற்றிச் சுருக்கமாக. திரைக்கதை எழுத்தாளர்களின் சங்கம், சுமார் 11,500 உறுப்பினர்களோடு, 2023 மே 2 அன்று போராட்டத்தில் இறங்கியது. ஜூலை 14 அன்று சுமார் 1,60,000 உறுப்பினர்களைக் கொண்ட நடிகர் சங்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டு சங்கங்களும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தியது 1960க்குப் பிறகு அதுவே முதல் முறை. எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் போராடினார்கள். ஒரு தொடர் தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பானால் ஒவ்வொரு முறையும் கிடைத்துவந்த ஊதியம், ஓடிடி தளங்கள் வந்த பிறகு பெயரளவுக்குத் தேய்ந்துவிட்டது. நடிகரின் முகத்தையும் உடலையும் ஒரு முறை படம்பிடித்துச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அச்சம் எழுந்தது. இவை நட்சத்திரங்களின் மனக்குறைகள் அல்ல. அந்தச் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலானோர் மாதாந்திர வாடகைக்குக் கணக்குப் பார்க்கிற சாதாரண நடிகர்கள். வெளியீட்டுத் தாமதங்களைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிட்டால், போராட்டம் ஏதோ இயற்கைச் சீற்றம் போலத் தோன்றிவிடும்.

எழுத்தாளர்களின் போராட்டம் புதிய படங்கள் எழுதப்படுவதை நிறுத்தியதே தவிர, முடிந்த படங்களைத் தொடவில்லை. நடிகர் சங்கத்தின் விதிகளோ அங்கேயும் கைவைத்தன. உறுப்பினர்கள், தயாரிப்பாளர் கூட்டமைப்பைச் சேர்ந்த நிறுவனங்களின் படங்களுக்காகப் பிரீமியர் காட்சிகளுக்குச் செல்லக் கூடாது, பேட்டி கொடுக்கக் கூடாது, திரைப்பட விழா மேடைகளில் அமரக் கூடாது, தங்கள் சமூக ஊடகக் கணக்குகளில் அந்தப் படங்களைப் பற்றி எழுதக் கூடாது. அந்த ஜூலையில் சான் டியேகோவில் நடந்த காமிக்-கான் விழா பெரிய நட்சத்திரங்கள் இல்லாமலேயே முடிந்தது. வேலைக்குப் போகாமல் இருப்பதைவிட இந்த மௌனம் ஸ்டூடியோக்களை உடனடியாகச் சுட்டது என்பது என் கணிப்பு. படப்பிடிப்பு நின்றால் செலவும் நிற்கும். ஆனால் பணமெல்லாம் செலவாகி முடிந்த படம் அலமாரியில் கிடந்தால் அதன் வட்டி நிற்பதில்லை.

‘ட்யூன்’ இரண்டாம் பாகம் அப்படிப்பட்ட படம்தான். அதன் படப்பிடிப்பு 2022 ஜூலையில் தொடங்கி அந்த ஆண்டு டிசம்பரில் புடாபெஸ்ட், ஜோர்டான், அபுதாபி எனப் பல இடங்களில் முடிந்துவிட்டது. பட்ஜெட் சுமார் 19 கோடி டாலர். வெளியீட்டு நாள் 2023 நவம்பர் 3. டிமதி ஷாலமே, ஸெண்டயா, ஃப்ளோரன்ஸ் ப்யூ, ஆஸ்டின் பட்லர் என்று இளைஞர்களை ஈர்க்கக்கூடிய நட்சத்திர வரிசை இருந்தது. இவர்கள் நால்வரும் ஒரு நகரத்தில் வந்து இறங்கினாலே அடுத்த இரண்டு நாட்களுக்கு இணையம் முழுக்க அதுவே பேச்சாக இருக்கும். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான, பாலைவனமும் மதமும் அரசியலும் கலந்த ஒரு கனமான அறிவியல் புனைவுப் படத்தை, முதல் பாகத்தைப் பார்க்காத இளைஞர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் பங்குதாரரான லெஜண்டரி நிறுவனமும் நம்பியிருந்த வழி இந்த நால்வர்தான்.

2023 ஆகஸ்ட் 24 அன்று, எழுத்தாளர் போராட்டத்தின் 115ஆம் நாளில், நடிகர் போராட்டத்தின் 42ஆம் நாளில், வார்னர் பிரதர்ஸ் படத்தை 2024 மார்ச் 15க்குத் தள்ளிவைத்தது. அந்தத் தேதியில் லெஜண்டரியின் இன்னொரு படமான ‘காட்ஸில்லா எக்ஸ் காங்’ இருந்தது. அது ஏப்ரலுக்கு நகர்ந்தது. ஏப்ரலில் இருந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அனிமேஷன் படம் டிசம்பருக்குப் போனது. ஒரே அறிவிப்பில் மூன்று படங்கள் இடம் மாறின.

ஏன் டிசம்பருக்கு நகர்த்தவில்லை என்று கேட்கத் தோன்றும். அந்த மாதம் வார்னரின் சொந்தப் படங்களாலேயே நிரம்பியிருந்தது: ‘வோங்கா’, ‘அக்வாமேன்’ இரண்டாம் பாகம், ‘தி கலர் பர்ப்பிள்’. அதிலும் ‘வோங்கா’வின் நாயகன் இதே டிமதி ஷாலமே. இவற்றைவிட முக்கியமான காரணம் ஐமேக்ஸ் என்ற மாபெரும் திரை. வில்நெவ் இந்தப் படத்தை ஐமேக்ஸ் திரைக்கென்றே படமாக்கியிருந்தார். வட அமெரிக்கா முழுவதும் ஐமேக்ஸ் அரங்குகள் சுமார் 400 மட்டுமே. டிக்கெட் விலை அதிகம். ஒரு நேரத்தில் ஒரு பெரிய படத்துக்குத்தான் இடம். அந்த இடத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலையே காட்டியிருந்தது. ஜூலை 12 அன்று வெளியான ‘மிஷன் இம்பாசிபிள்’ ஏழாம் பாகம் ஒரே வாரத்தில் ஐமேக்ஸ் திரைகளை ‘ஓப்பன்ஹைமர்’ படத்திடம் இழந்து, உலக அளவில் சுமார் 57 கோடி டாலரோடு நின்றது. அந்தத் தொடரின் முந்தைய படம் 79 கோடி டாலர் ஈட்டியது. எனவே வார்னருக்குத் தேவைப்பட்டது வெறும் காலி வெள்ளிக்கிழமை அல்ல. நட்சத்திரங்கள் பேச முடிகிற, ஐமேக்ஸ் திரைகள் பல வாரங்கள் கையில் இருக்கிற ஒரு வெள்ளிக்கிழமை.

நிறுவனத்தின் கணக்கேடும் இந்த முடிவுக்கு இடம் கொடுத்தது. 2023 செப்டம்பர் தொடக்கத்தில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, வேலைநிறுத்தத்தால் அந்த ஆண்டின் லாபக் கணிப்பு 30 முதல் 50 கோடி டாலர் வரை குறையும் என்று முதலீட்டாளர்களுக்குத் தெரிவித்தது. அதே அறிக்கையில், கையில் மிஞ்சும் ரொக்கம் 500 கோடி டாலருக்குக் குறையாது என்றும் சொன்னது. இந்த நிறுவனமே வெளியிட்ட ‘பார்பி’யின் வசூல் ஒரு காரணம், படப்பிடிப்புகள் நின்றதால் செலவாகாமல் மிஞ்சிய பணம் இன்னொரு காரணம். ஒரு பெரிய ஸ்டூடியோவால் தாமதத்தைத் தாங்க முடிந்ததன் ரகசியம் இதுதான். லாபம் குறையும், ஆனால் கஜானா காலியாகாது. திரையரங்குகளுக்கு அந்த வசதி இல்லை.

நவம்பர் 3 என்ற அந்த வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ‘ட்யூன்’ விட்டுச் சென்ற இடத்துக்கு எந்தப் பெரிய படமும் வரவில்லை. முந்தைய வாரம் 8 கோடி டாலரோடு தொடங்கிய ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்’ என்ற திகில் படமே, வசூல் முக்கால் பங்கு சரிந்து சுமார் 1.9 கோடி டாலர் மட்டுமே ஈட்டியும், முதலிடத்தில் இருந்தது. மல்டிபிளெக்ஸ் அரங்குக்கு வாடகையும் மின்கட்டணமும் சம்பளமும் எல்லா வாரமும் ஒன்றுதான். டிக்கெட் பணத்தில் பெரும் பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும் தொழிலில், அரங்கைக் காப்பாற்றுவது பாப்கார்னும் குளிர்பானமும் விற்கும் கவுண்டர்தான். கூட்டம் வராத வாரத்தில் அந்தக் கவுண்டரில் நிற்கும் பகுதிநேர ஊழியரின் வேலை நேரம்தான் முதலில் வெட்டப்படும். பேச்சுவார்த்தை மேசையின் இரு பக்கத்திலும் இல்லாத இந்த மனிதர்களைப் பற்றி அந்த ஆண்டு எழுதப்பட்டது மிகக் குறைவு என்ற வருத்தம் எனக்கு உண்டு.

திரையரங்குகள் சும்மா இருந்துவிடவும் இல்லை. ‘ட்யூன்’ தள்ளிப்போன ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 31 அன்று, டெய்லர் ஸ்விஃப்டின் ‘எராஸ் டூர்’ இசை நிகழ்ச்சிப் படத்தை ஏஎம்சி என்ற திரையரங்க நிறுவனம் நேரடியாக விநியோகிக்கும் என்ற அறிவிப்பு வந்தது. நடுவில் எந்த ஸ்டூடியோவும் இல்லை. நடிகர் சங்கத்துடன் இடைக்கால ஒப்பந்தம் செய்துகொண்டிருந்ததால் போராட்ட விதிகளும் தடையாகவில்லை. அக்டோபர் 13 அன்று வெளியான அந்தப் படம் வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 9.3 கோடி டாலரும், உலக அளவில் 26 கோடி டாலருக்கு மேலும் ஈட்டியது. சங்கத்தின் கோரிக்கைகளை ஏற்ற ஏ24, நியான் போன்ற சிறு நிறுவனங்களின் படங்களுக்கும் இதே இடைக்கால ஒப்பந்தம் கிடைத்தது. கோரிக்கைகள் நிறைவேற்ற முடியாதவை என்ற பெரிய ஸ்டூடியோக்களின் வாதத்தை இந்த ஒப்பந்தங்கள் வலுவிழக்கச் செய்தன என்றே கருதுகிறேன்.

தள்ளிப்போகாமல் வெளியான படங்கள் என்ன ஆயின? ஆகஸ்ட் 18 அன்று வந்த ‘ப்ளூ பீட்டில்’ நடிகர்களின் விளம்பரம் ஏதுமின்றி 2.5 கோடி டாலரோடு தொடங்கி, உலக அளவில் 13 கோடி டாலரில் முடிந்தது. நவம்பர் 10 அன்று வந்த ‘தி மார்வெல்ஸ்’ 4.6 கோடி டாலரோடு தொடங்கியது. மார்வெல் தொடரில் அதுவரை இல்லாத மோசமான தொடக்கம் அது. நடிகர் போராட்டம் நவம்பர் 9 அன்றுதான் முடிந்ததால், அந்தப் படத்தின் நாயகிகளுக்குப் பேசக் கிடைத்தது ஏறக்குறைய ஒரே நாள். ஆனால் அந்தத் தோல்வியை முழுவதும் வேலைநிறுத்தத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. மார்வெல் படங்கள் மீதான சலிப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ‘அக்வாமேன்’ இரண்டாம் பாகம் போராட்டம் முடிந்து ஆறு வாரம் கழித்து வந்தும் சுமார் 43 கோடி டாலர்தான் ஈட்டியது. முதல் பாகம் 100 கோடியைத் தாண்டியிருந்தது.

மறுபுறம், விளம்பரக் கதவு திறந்ததும் என்ன நடக்கும் என்பதற்கு ‘வோங்கா’ சான்று. போராட்டம் முடிந்த இரண்டே நாளில், நவம்பர் 11 அன்று, டிமதி ஷாலமே ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். டிசம்பர் 15 அன்று வெளியான ‘வோங்கா’ உலக அளவில் 63 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இப்போது மார்ச்சுக்கு வருவோம். அக்டோபர் இறுதியில் டிஸ்னி நிறுவனம் தன் ‘எலியோ’ படத்தை 2024 மார்ச் 1இலிருந்து 2025க்கும், ‘ஸ்னோ ஒயிட்’ படத்தை 2024 மார்ச் 22இலிருந்து 2025 மார்ச்சுக்கும் தள்ளியது. அப்படிக் காலியான மார்ச் 1ஐ வார்னர் எடுத்துக்கொண்டு, ‘ட்யூன்’ படத்தை இரண்டு வாரம் முன்னே கொண்டுவந்தது. ஆக, நவம்பர் 3இலிருந்து சரியாகப் பதினேழு வாரத் தாமதம். போராட்டம் உண்டாக்கிய ஒரு காலியிடத்தை, அதே போராட்டத்தால் தள்ளிப்போன இன்னொரு படம் நிரப்பியது.

அந்தப் பதினேழு வாரங்களை நிறுவனம் வீணாக்கவில்லை. 2024 பிப்ரவரியில் நட்சத்திரங்கள் மெக்ஸிகோ நகரம், பாரிஸ், லண்டன், அபுதாபி, சியோல், நியூயார்க் என்று சுற்றி வந்தார்கள். லண்டன் பிரீமியரில் ஸெண்டயா அணிந்து வந்த வெள்ளி நிற இயந்திர மனுஷி உடையின் படங்கள் ஒரே இரவில் உலகம் சுற்றின. நிறுவனம் பெரிதாகத் திட்டமிடாத ஒரு விளம்பரமும் வந்து சேர்ந்தது. ஏஎம்சி அரங்குகளில் விற்பதற்காகச் செய்யப்பட்ட பாப்கார்ன் வாளியின் மூடி, படத்தில் வரும் பாலைவனப் புழுவின் வாயைப் போல ஓரமெல்லாம் பற்களோடு இருந்தது. அந்த வாய்க்குள் கைவிட்டுத்தான் பாப்கார்னை எடுக்க வேண்டும். அதன் தோற்றத்தைக் கேலி செய்து பாட்டெழுதாத ஆளில்லை என்கிற அளவுக்கு இணையம் அதைப் பிடித்துக்கொண்டது. நவம்பரில் வந்திருந்தால் நடிகர்கள் அதைப் பற்றிச் சிரித்துப் பேசக் கூட முடிந்திருக்காது.

மார்ச் 1 அன்று வெளியான படம் வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 8.25 கோடி டாலர் ஈட்டியது. முதல் பாகத்தின் தொடக்கம் 4.1 கோடி டாலர்தான். ஆகவே இரு மடங்கு. அந்த வார இறுதியில் உலகெங்கும் ஐமேக்ஸ் திரைகளில் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர் வந்தது. இறுதிக் கணக்கு வட அமெரிக்காவில் 28.2 கோடி, உலக அளவில் 71.4 கோடி டாலர்.

இந்த எண்களைத் தாமதத்தின் வெற்றி என்று மட்டும் படிப்பது தவறாகும். முதல் பாகம் 2021 அக்டோபரில் பெருந்தொற்றுக் காலத்தில் வந்தது. திரையரங்கில் வெளியான அதே நாளில் அமெரிக்காவில் எச்பிஓ மேக்ஸ் தளத்திலும் கிடைத்தது. அதன் தொடக்கத்தை ஓர் இயல்பான அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல லட்சம் பேர் அதை வீட்டில் பார்த்து ரசிகர்களாகியிருந்தார்கள். இரண்டாம் பாகத்துக்கு விமர்சகர்களின் பாராட்டும் பார்வையாளர்களின் வாய்வழி விளம்பரமும் நன்றாகவே இருந்தன. நவம்பரில் வந்திருந்தாலும் இந்தப் படம் ஓடியிருக்கும். இவ்வளவு ஓடியிருக்குமா என்பதுதான் கேள்வி. நடிகர்களின் மௌனம், ஒரு வாரத்தில் ‘தி மார்வெல்ஸ்’, இரண்டு வாரத்தில் ‘ஹங்கர் கேம்ஸ்’ என்ற நெரிசல் ஆகியவற்றை ஒரு தட்டிலும், போட்டியற்ற மார்ச் மாதத்தை மறுதட்டிலும் வைத்துப் பார்த்தால், காத்திருந்தது சரி என்றே சொல்வேன். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பெரிய படங்களே இல்லாமல் அரங்குகள் காய்ந்துகிடந்தன; பார்க்க ஒரு படம் வேண்டும் என்று ஏங்கிய கூட்டம் அந்த முதல் வாரத்தில் வந்து சேர்ந்தது.

தாமதத்தின் பலன் எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இல்லை. ஸெண்டயாவின் இன்னொரு படமான ‘சேலஞ்சர்ஸ்’, 2023 வெனிஸ் விழாவின் தொடக்கப் படம் என்ற கௌரவத்தையே விட்டுக்கொடுத்து, செப்டம்பரிலிருந்து 2024 ஏப்ரல் 26க்குப் போனது. டென்னிஸ் களத்தை வைத்து எடுத்த, பெரியவர்களுக்கான அந்தப் படம் 1.5 கோடி டாலரோடு முதலிடத்தில் தொடங்கி, உலக அளவில் சுமார் 9.6 கோடி ஈட்டியது. நட்சத்திரத்தின் முகம்தான் முதலீடு என்ற படத்துக்குக் காத்திருப்பு பலன் தந்தது என்று இதைக் கொள்ளலாம். ‘க்ரேவன் தி ஹண்டர்’ கதை வேறு. 2023 அக்டோபரிலிருந்து 2024 ஆகஸ்ட், அங்கிருந்து டிசம்பர் என்று இரு முறை நகர்ந்து, வெறும் 1.1 கோடி டாலரோடு தொடங்கியது. ‘எலியோ’ 2025 ஜூனில் வந்தபோது பிக்ஸார் நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த தொடக்கத்தைப் பெற்றது.

படப்பிடிப்பு முடியாத படங்களின் தாமதம் இன்னொரு விதமான காயத்தை உண்டாக்கியது. பாதியில் நின்ற ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ 2024 மே 3இலிருந்து ஜூலை 26க்கு நகர்ந்து, உலக அளவில் 133 கோடி டாலர் ஈட்டியது; அந்தப் படத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கோடைக் காலத்தைத் தொடங்கிவைக்கும் மே முதல் வாரத்தில் வழக்கமாக வரும் மார்வெல் படம் இல்லாமல் போனது. அங்கே வந்த ‘தி ஃபால் கை’ 2.8 கோடி டாலரோடுதான் தொடங்கியது. ‘மிஷன் இம்பாசிபிள்’ எட்டாம் பாகம் 2024 ஜூனிலிருந்து 2025 மேக்குப் போனது. 2024 மே இறுதியில் வந்த நினைவு தின விடுமுறை, பெருந்தொற்றுக் காலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு மந்தமாக இருந்தது. ஜூன் 14 அன்று ‘இன்சைட் அவுட்’ இரண்டாம் பாகம் 15.4 கோடி டாலரோடு வந்த பிறகுதான் அரங்குகள் மூச்சுவிட்டன. வட அமெரிக்காவின் ஆண்டு வசூல் 2023இல் சுமார் 900 கோடி டாலராக இருந்து 2024இல் சுமார் 870 கோடியாகக் குறைந்தது. பெருந்தொற்றுக்கு முந்தைய 2019இல் அது 1,100 கோடிக்கு மேல்.

‘ட்யூன்’ படத்துக்கு ஒரு இழப்பும் உண்டு. 2023 ஆண்டுக்கான ஆஸ்கர் போட்டியில் அது சேரவில்லை. அந்த மேடையில் 2024 மார்ச் 10 அன்று ‘ஓப்பன்ஹைமர்’ ஏழு விருதுகளை அள்ளியது. அடுத்த ஆண்டு ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, ஒலியமைப்புக்கும் காட்சி விளைவுகளுக்கும் ‘ட்யூன்’ விருது பெற்றது. வெளியாகி ஓராண்டு கடந்திருந்ததால் மற்ற பிரிவுகளில் அதன் நினைவு மங்கியிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தாளர்கள் 2023 அக்டோபரிலும் நடிகர்கள் டிசம்பரிலும் வாக்களித்து ஏற்ற ஒப்பந்தங்களில், குறைந்தபட்ச ஊதிய உயர்வும், ஓடிடி வெற்றிக்கேற்ற கூடுதல் தொகையும், நடிகரின் எண்ணிமப் பிரதியைப் பயன்படுத்த அவருடைய ஒப்புதல் வேண்டும் என்ற விதியும் இடம்பெற்றன. எழுத்தாளர் ஒப்பந்தம் 2026 மே 1 வரைக்கும், நடிகர் ஒப்பந்தம் அதே ஆண்டு ஜூன் 30 வரைக்கும் என்று எழுதப்பட்டது. வில்நெவின் மூன்றாம் ‘ட்யூன்’ படத்துக்கு அறிவிக்கப்பட்ட வெளியீட்டு நாள் 2026 டிசம்பர் 18.